ஏழு நிமிட மூச்சு எங்கிருந்து வந்தது?

முத்துக்குளிக்கும் ஒருவர் கடலடியில் எவ்வளவு நேரம் மூச்சடக்கி இருப்பார்? இலங்கையின் கொண்டச்சிச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, பற்றித் தேடினால் இந்த ஒரு கேள்விக்கே 55 விநாடி, 87 விநாடி, இரண்டு நிமிடம், ஆறு நிமிடம், ஏழு நிமிடம் எனப் பல விடைகள் கிடைக்கும். பாடசாலை ஒப்படை எழுதும் பிள்ளை இவற்றில் எதை எடுத்து எழுதினாலும், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் வாசகருக்கு அதை எடைபோட வழியே இல்லை.

அரிப்புக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடைப்பட்ட இந்தக் கரையைப் பற்றிய முக்கியமான ஆங்கில நூல்கள் இன்று இணையத்தில் இலவசமாக உள்ளன. ரொபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை நூல், ஜேம்ஸ் கோர்டினரின் 1807ஆம் ஆண்டு நூல், எமர்சன் டெனன்ட்டின் 1859ஆம் ஆண்டு இரு தொகுதிகள் ஆகியவற்றை இன்டர்நெட் ஆர்கைவில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். 1902இல் முத்துப்பார்களை ஆராய வந்த ஹெர்ட்மனின் ஐந்து தொகுதி அறிக்கை பல்லுயிர் மரபு நூலகத்திலும் இருக்கிறது. தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அக்கால ஆங்கிலேயர் ஊர்ப்பெயரைக் 'கொண்டாட்சி' என்பதுபோல, ஆங்கில C எழுத்தில் தொடங்கி எழுதினார்கள். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி அகப்படாது.

மூச்சுக் கணக்குக்கு வருவோம். சாதாரணமாக இரண்டு நிமிடம் என்று எழுதும் பெர்சிவல், 1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் முழுதாக ஆறு நிமிடம் நீருக்கடியில் இருந்ததாகவும் சேர்க்கிறார். அதைத் தன் கண்ணால் கண்டதாக அவர் சொல்லவில்லை. அதே 1797ஆம் ஆண்டுச் சலாபத்தைப் பற்றிக் கல்கத்தாவின் 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' ஐந்தாம் தொகுதியில் எழுதிய லெ பெக், காரைக்காலிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிறுவன் ஏழு நிமிடம் உள்ளே இருந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார். ஒரே ஆண்டு, ஒரே கடல். இருவேறு ஆட்களா, ஒரே கதை வாய்மாறி இரண்டானதா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

இந்தக் கேள்வியை நாம் கேட்க முடிவதே டெனன்ட்டின் ஓர் அடிக்குறிப்பால்தான். தமக்கு முன்னே எழுதியவர்களை அவர் பெயர் சொல்லி வரிசையாக நிறுத்துகிறார். பெர்சிவலும் லெ பெக்கும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிர்ச்சாட்சியாக, முத்துப்பார்களின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்த கப்டன் ஸ்டுவர்ட்டின் கூற்றைத் தருகிறார்: 87 விநாடிக்கு மேல் யாரும் அடியில் தங்கி அவர் அறிந்ததில்லை, 13 பாகத்துக்கு (ஃபாதம் என்னும் ஆழ அளவு) மேல் யாரும் ஆழம் போனதுமில்லை, ஒன்பது பாக ஆழத்தில் வழக்கமாக 55 விநாடியைத் தாண்டுவது அரிது. வருடக்கணக்காக அதே வேலையில் இருந்தவரின் சொல்லை, வழிப்போக்கராக வந்து போனவரின் சொல்லுக்கு மேலாக வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பை வாசகரும் சொந்தமாகச் சொல்லும்படி எல்லாப் பெயர்களையும் முன்னே வைத்ததுதான் டெனன்ட் செய்த பெரிய உதவி.

லெ பெக்கின் கூற்றை டெனன்ட்டின் நூலில் மட்டும் பார்த்தவர் எப்படிக் குறிப்பிடுவது? 'லெ பெக், 1798. டெனன்ட் 1859, இரண்டாம் தொகுதி வழியாக' என்று எழுதினால் நேர்மை. மூலத்தையே திறந்து பார்த்ததுபோல லெ பெக்கை மட்டும் போடுவது பொய். பக்க எண் கொடுக்கும்போது அச்சிட்ட எண்ணைக் கொடுக்க வேண்டும். திரையில் தெரியும் ஸ்கேன் எண் பெரும்பாலும் அதனோடு ஒத்துப்போகாது.

விக்கிப்பீடியாவின் கதை வேறு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதன் முன்னோடி. அங்கே ஒரு தகவலைக் கண்டால் கீழே உள்ள அடிக்குறிப்பைத் திறந்து, மூலத்தைச் சரிபார்த்து, அந்த மூலத்தை மேற்கோள் காட்டுவதே முறை. வாசகத்தையே எடுத்தாண்டால் அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் சில கடமைகளை வைக்கிறது: கட்டுரைக்குத் தொடுப்புக் கொடுத்து எழுதியோரை அறியச் செய்ய வேண்டும், உரிமத்தைச் சொல்ல வேண்டும், மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், புதிய ஆக்கத்தையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும். பக்கம் நாளை மாறிவிடும் என்பதால், பார்த்த பதிப்பின் நிலையான தொடுப்பையும் திகதியையும் குறித்துக்கொள்வது நல்லது. அடிக்குறிப்பே இல்லாத வரியை நாளிதழ் எடுத்துப் போட, பிறகு அந்த நாளிதழையே விக்கியில் சான்றாகக் காட்டும் சுழலும் நடக்கிறது.

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் உரிமை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை நிற்கும். ஹெர்ட்மன் 1924இல் இறந்தார். அவர் எழுத்து பொதுவுடைமை. 1906 சலாபத்தில் மறிச்சுக்கட்டியில் பணிபுரிந்த லெனார்ட் வுல்ஃப் 1969இல் இறந்தார். அவருடைய தன்வரலாற்றுக்கு 2039 முடியும்வரை உரிமை உண்டு. உரிமை தீர்ந்த நூலுக்கும் பெயர் சொல்லும் கடன் தீர்வதில்லை.

கொண்டச்சி இருக்கும் முசலிப் பக்கத்து ஊர்களுக்கு இப்படி மூலத்தைச் சொல்லத் தனிக் காரணமும் இருக்கிறது. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீட்டோடு கடதாசிகளும் கைவிட்டுப் போயின. கிராமத்தின் கதை இப்போது பெரியவர்களின் நினைவிலும் வெளியூர்க்காரர்களின் நூல்களிலுமாகக் கிடக்கிறது. வாய்மொழியை விக்கிப்பீடியா நேரடிச் சான்றாக ஏற்பதில்லை. சொன்னவர் சம்மதத்தோடு, அவர் பெயரும் சொன்ன திகதியும் சேர்த்து ஒரு பாடசாலை மலரில் அச்சிட்டு, அந்த மலரை 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் தளத்துக்குக் கொடுத்தால், அதற்கு ஒரு நூலக எண் கிடைக்கும். அடுத்து எழுதுபவர் அந்த எண்ணைச் சுட்டி, டெனன்ட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டச்சிக்காரர் ஒருவரின் பெயரையும் எழுதலாம்.