பல்லைக் கடித்தால் சிரிப்பு வரும்

காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் விரல்நுனியை வைத்துப் பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள். தோலுக்கடியில் ஏதோ கட்டியாகத் திரண்டு எழும். மாசிட்டர் என்ற தசை அது. விரலை நெற்றிப்பொட்டுக்கு மாற்றி மறுபடி கடித்தால் அங்கும் ஒன்று எழும்பும். அதன் பெயர் டெம்போராலிஸ். முறுக்கை நொறுக்குவதும் கரும்பைக் கடித்து இழுப்பதும் இவற்றின் தயவில்தான். இப்போது தாடையைத் தளர்த்திவிட்டு, சும்மா சிரியுங்கள். மாசிட்டர் முன்போல் திரண்டெழாது. உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை வேறு, அதற்கு உத்தரவு கொண்டுவரும் நரம்பும் வேறு.

மெல்லும் தசைகள் பக்கத்துக்கு நான்கு. அவை மண்டையோட்டில் தொடங்கித் தாடையெலும்பில் முடிகின்றன. மூளையிலிருந்து நேரடியாக வரும் 12 ஜோடி நரம்புகளில் ஐந்தாவது இவற்றை ஆள்கிறது. முகபாவம் காட்டும் தசைகளின் சங்கதியே தனி. அவற்றில் பெரும்பாலானவை எலும்பில் தொடங்கினாலும் தோலில் போய் முடிகின்றன. கைகால்களில் தசை சுருங்கினால் எலும்பு நகரும். முகத்தில் தோல் நகர்கிறது. புருவம் நெரிவதும் உதடு சுழிவதும் அப்படித்தான். இவை அத்தனையும் ஏழாவது நரம்பின் பொறுப்பு.

முதுகில் ஈ உட்கார்ந்தால் மாடு அந்த இடத்துத் தோலை மட்டும் வெடுக்கென்று சிலிர்க்கிறதே, அங்கேயும் தோலோடு ஒட்டிய தசைதான் வேலை செய்கிறது. நமக்கு முதுகில் அது இல்லை. கழுத்தின் முன்புறம் பிளாட்டிஸ்மா என்ற பெயரில் ஒரு மெல்லிய விரிப்பாக மிச்சமிருக்கிறது. கண்ணாடி முன் நின்று கீழ்வரிசைப் பல் தெரிய உதட்டைக் கீழே இழுத்தால் கழுத்தில் கயிறு கயிறாகப் புடைக்கும். கழுத்தில் இருந்தாலும் அதை ஆள்வது முகநரம்புதான். காரணம் கருவிலேயே இருக்கிறது. மீன்களில் செவுளாக வளரும் வளைவுகள் மனிதக் கருவிலும் கொஞ்சகாலம் தோன்றுகின்றன. முதல் வளைவிலிருந்து மெல்லும் தசைகள், இரண்டாவதிலிருந்து முகத்தசைகள். இரண்டாவது கூட்டம் கழுத்துப் பக்கமிருந்து மேலேறி முகமெங்கும் பரவும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

இந்த இரட்டை ஏற்பாடு ஒருநாள் காலையில் சிலருக்கு அம்பலமாகிறது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஒழுகும். ஒரு கண் மூடாது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கும். 'ஜன்னலோரக் காற்று பட்டுவிட்டது' என்பார்கள் வீட்டில். ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயரால் பெல்ஸ் பால்சி என்று அழைக்கப்படும் முகவாதம் இது. காற்றின்மேல் பழி போட ஆதாரம் இல்லை. வைரஸ் தொற்றின்மேல்தான் மருத்துவர்களுக்குச் சந்தேகம். காதருகே உள்ள எலும்பில் ஒரு குறுகிய குழாய் வழியாக முகநரம்பு வருகிறது. அங்கே அது வீங்கினால் விரிய இடமில்லாமல் நசுங்குகிறது. வாய் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கெட்டுப்போனது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ்: தளர்ந்த பக்கத்தை நல்ல பக்கம் இழுக்கிறது.

முகவாதம் வந்தவரால் சோறு மெல்ல முடியுமா? தாராளமாக. ஐந்தாவது நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் மென்ற சோறு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் போய் அடைந்துகொள்ளும், விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். உணவைப் பல்லுக்கடியில் தள்ளிக் கொடுக்கும் கன்னத்தசையான பக்சினேட்டர், மெல்லுவதற்கு உதவினாலும் ஏழாவது நரம்பின் ஆள்.

வாய் கோணினால் பக்கவாதமாகவும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய மருத்துவர் 'நெற்றியைச் சுருக்குங்கள்' என்பார். நெற்றித்தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையின் ஒரு பாதி பாதிக்கப்பட்ட பக்கவாதத்தில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும்; முகவாதத்தில் பாதிக்கப்பட்ட பக்கத்து நெற்றி வழவழவென்றே நிற்கும். இதை வைத்து வீட்டில் முடிவுகட்ட வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி. முகவாதமே என்றாலும் ஸ்டீராய்டு மாத்திரையை 3 நாட்களுக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன்.

பக்கவாதம் வந்தவர்கள் சிலரிடம் இன்னொரு விநோதம் உண்டு. 'சிரிங்க' என்றால் பாதி வாய்தான் நகரும். பேரன் ஏதோ குறும்பு செய்தால் முழு வாயும் மலர்ந்துவிடும். சொன்னதற்காகச் சிரிக்கும் சிரிப்புக்கும் தானாக வரும் சிரிப்புக்கும் மூளையில் பாதைகள் வேறு. இந்த இரு சிரிப்புகளையும் முகத்திலேயே பிரித்துப் பார்க்க முயன்றவர் ஒருவர் உண்டு. 1862-இல் பாரிஸில் டுஷேன் என்ற மருத்துவர், முகத்தில் தொடுவுணர்வு இழந்த ஒரு முதியவரின் தசைகளை மின்சாரத்தால் ஒவ்வொன்றாகத் தூண்டிப் படமெடுத்து நூலாக வெளியிட்டார். டார்வினும் பிறகு அந்தப் படங்களில் சிலவற்றைப் பயன்படுத்தினார். கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்காத சிரிப்பு மனதிலிருந்து வருவதல்ல என்பது டுஷேனின் கட்சி. கொஞ்சம் மிகைதான், கண்ணையும் சேர்த்து நடிக்கத் தெரிந்தவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

முகவாதம் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகிவிடும். மோசமாகச் சிதைந்த நரம்பு மறுபடி வளரும்போது சில இழைகள் வழிதவறிப் போவதுண்டு. கண் சிமிட்டினால் வாய் துடிக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகவேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிட்டால், சாப்பிட உட்கார்ந்ததும் கண்ணில் நீர் வழியும். முதலைக் கண்ணீர் என்றே மருத்துவ நூல்களில் இதற்குப் பெயர்.

தற்செயலாக நடக்கும் இந்தக் குளறுபடியை அறுவை மருத்துவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள். முகநரம்பு திரும்பாதென்று ஆனவர்களுக்கு, மாசிட்டருக்குப் போகும் நரம்பின் ஒரு கிளையை எடுத்துச் சிரிப்புத் தசையின் நரம்போடு தைக்கிறார்கள். நரம்பில்லாமல் நெடுநாள் கிடந்து முகத்தசையே நலிந்துபோயிருந்தால், தொடையின் உட்புறத்திலிருந்து ஒரு தசையைக் கன்னத்தில் பொருத்தி அதற்கு இந்த நரம்பைக் கொடுப்பதும் உண்டு. மாதங்கள் கழித்து நரம்பு வளர்ந்து சேர்ந்ததும் பயிற்சி தொடங்கும். பல்லைக் கடித்தால் உதட்டோரம் உயரும். ஆரம்பத்தில் சிரிக்க நினைக்கும்போதெல்லாம் கடித்தே ஆகவேண்டும். கண்ணாடி முன் பயிற்சி செய்து செய்து, கடிக்காமலேயே சிரிக்கும் நிலைக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். சிறுவயதில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இது இன்னும் எளிதாகக் கைகூடுகிறது.