குறுக்கீட்டிலிருந்து திரும்பும் வழி

மொன்றியல் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஒரு கொள்கலனை அந்தரத்தில் பிடித்திருக்கிறது. அபாயச் சங்கு ஊதுகிறது. ஓட்டுநர் சுமையை அசையாமல் நிறுத்தி, விட்ட இடத்தைக் குறித்துவைத்த பிறகுதான் அடுத்ததைப் பார்க்கலாம். கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னல் இதை விநாடிக்குப் பல நூறு தடவை செய்கிறது.

கடிகாரமோ விசைப்பலகையோ செயலியை அழைத்தால் அது குறுக்கீடு. 64 பிட் இன்டெல் செயலி, திரும்ப வேண்டிய முகவரி உட்பட 5 விவரங்களை ஸ்டாக்கில் எழுதிவிட்டு, 256 இடங்கள் கொண்ட அட்டவணையைப் பார்த்து உரிய நிரலுக்குத் தாவும். அங்கே முதலில் நிற்பது அசெம்ப்ளிதான். அடுத்து ஓட வேண்டிய சி நிரல், செயலியின் ரெஜிஸ்டர்களைத் தன் பாட்டுக்கு எடுத்தாளும். பாதியில் நின்ற வேலையின் கணக்கோ அவற்றில்தான் இருக்கிறது. அதனால் அசெம்ப்ளி அவற்றைப் பத்திரப்படுத்திய பிறகே சி நிரலை அழைக்கும். முடிந்ததும் மீட்டுவைத்து, 'ஐரெட்' கட்டளையால் பழைய இடத்துக்குத் திரும்பும்.

சிக்கல் அந்த ஐரெட்டில்தான். மொன்றியல் எக்கோல் பொலிடெக்னிக்கில் முனைவர் பட்டம் பெற்ற மத்தியூ டெனுவாயே, ஓடும் கெர்னலைக் கண்காணிக்கும் எல்டிடிஎன்ஜி கருவியை உருவாக்கியவர். மென்பொருளால் தடுக்கவே முடியாத குறுக்கீடான என்எம்ஐக்குள்ளும் அது வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒரு என்எம்ஐ நடக்கும்போது அடுத்ததைச் செயலி வாசலில் நிறுத்திவைக்கும். நடுவில் பேஜ் ஃபால்ட் (வேண்டிய நினைவகப் பக்கம் கிடைக்காத நிலை) ஒன்று வந்தால், அதை முடிக்கும் ஐரெட் அந்த வாசலையும் திறந்துவிடும். இரண்டாவது என்எம்ஐ அதே ஸ்டாக்கின் உச்சியிலிருந்து எழுதத் தொடங்கும். முதலாவதின் திரும்பும் முகவரி அழிந்துபோகும். முதற்சங்குக்குக் குறித்த தாளின் மேலேயே இரண்டாம் சங்குக்கும் எழுதினால் என்ன ஆகும்?

2010இல் ஐரெட்டைத் தவிர்த்துத் திரும்பும் வழியை டெனுவாயே முன்வைத்தார். இரண்டாவது என்எம்ஐயை வரவிட்டு, மென்பொருளாலேயே சமாளிக்கலாம் என்றார் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். அவ்வழியில் ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதிய அசெம்ப்ளி 2012இல் லினக்ஸ் 3.3இல் வந்தது. முதல் என்எம்ஐ திரும்பும் விவரத்துக்கு நகல் எடுத்து, 'உள்ளே ஆள் உண்டு' என்று அடையாளமும் வைக்கும். இரண்டாவது அதைக் கண்டதும் வேலை எதுவும் செய்யாது. 'இன்னொரு முறை ஓடு' என்று நகலைத் திருத்திவிட்டு விலகும். என் பார்வையில் கெர்னலின் மிக அழகான பகுதிகளில் இது ஒன்று.

வன்பொருளிலேயே இதைச் சரிசெய்யும் இன்டெலின் ஃபிரெட் முறைக்கு 2024இல், லினக்ஸ் 6.9இல் ஆதரவு சேர்ந்தது. பழைய செயலிகளுக்கான அசெம்ப்ளி இன்னும் அங்கேதான் இருக்கிறது, நீண்ட விளக்கக் குறிப்புகளோடு. கணினி படிக்கும் பிள்ளைகளே, அது இருக்கும் கோப்பை ஒருமுறையாவது திறந்து, வரிவரியாக வாசியுங்கள்.