வேதாகமமும் பிற நூல்களும்: கொல்லிமலை காட்டும் வாசிப்பு

கிறிஸ்தவ வீடுகளில் வேதாகம வாசிப்புக்குக் குறைவில்லை. காலைத் தியானம், இரவுக் குடும்ப ஜெபம் என்று அதற்கு நேரம் வகுத்திருக்கும். மற்ற நூல்களைப் பற்றித்தான் தயக்கம். இலக்கியமும் அறிவியலும் பிற சமய நூல்களும் விசுவாசத்தைத் தளர்த்திவிடுமோ என்ற அச்சம் பல சபைகளில் இன்றும் இருக்கிறது. இந்த அச்சத்துக்கு வேதாகமமே இடம் கொடுக்கவில்லை. அத்தேனே பட்டணத்தில் மார்ஸ் மேடையில் நின்று பேசிய பவுல், கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கிரேக்கக் கவிதையிலிருந்தே ஒரு வரியை எடுத்தாண்டார். தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் கிரேத்தாத் தீவுப் புலவர் ஒருவரின் சொல் வருகிறது. தீமோத்தேயுவுக்குச் சிறையிலிருந்து எழுதும்போது, மேலங்கியோடு புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார். மரணம் நெருங்கிய வேளையிலும் படிக்க விரும்பியவர் அவர்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இத்தகைய வாசிப்பு ஒரு குடும்பத்துக்குள் வளர்ந்தது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி 1913இல் மணம் முடித்து, மலையாளிப் பழங்குடி மக்களிடையே குடியேறினர். அவர்கள் மகன் பால் 1914இல் பிறந்து, அந்த மலையில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் இல்லாத இடம், தாய்தான் ஆசிரியை. பையன் பலாமரத்தில் ஏறி உட்கார்ந்து பாடம் எழுதினான். தந்தை கறையான் புற்றையும் பூச்சிகளையும் மரங்களையும் காட்டி, படைப்பைக் கூர்ந்து பார்க்கப் பழக்கினார். 9 வயதில் பால் படிப்புக்காக இங்கிலாந்து போனபின், அந்தப் பாடம் கடிதங்களில் தொடர்ந்தது. 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். அவர் எழுதியிருந்த கடைசிக் கடிதம், மரணச் செய்திக்குப் பிறகே மகன் கைக்கு வந்து சேர்ந்தது.

பால் பிராண்ட் முதலில் கட்டட வேலை கற்றார்; பிறகு மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தார். நோயாளிகளின் விரல்கள் சிதைவதற்கு முக்கியக் காரணம், வலி தெரியாமல் போவதால் ஏற்படும் காயங்களே என்று நிறுவியவர்களில் அவர் முன்னோடி. எழுத்தாளர் பிலிப் யான்சியோடு சேர்ந்து 1980இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு 139ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. உள்ளடக்கமோ உயிரணு, எலும்பு, தோல் ஆகியவற்றின் செயல்பாடு. அதன் வழியே திருச்சபை என்னும் சரீரத்தைப் பற்றிய சிந்தனை. சங்கீதத்தை மட்டுமோ உடற்கூறியலை மட்டுமோ படித்தவரால் இப்படி ஒரு நூலை எழுதியிருக்க முடியாது.

தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இது புதிதன்று. நெல்லை மாவட்டத்து எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர். 1858இல் திருமுழுக்குப் பெற்ற பிறகும் கம்பனைக் கைவிடவில்லை. ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி, கம்பனிடம் கற்ற விருத்த நடையில் அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. எதிர்த் திசையிலும் இது நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவினார். அதனால் அவர் சைவம் குன்றவில்லை.

கொல்லிமலைக் கிறிஸ்தவர் ஒருவருக்கு அந்த மலையே ஒரு நூல் வரிசையைத் தருகிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என அடுத்தடுத்து வீழ்த்தியதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். மலையின் தெய்வப் பெண்ணுருவான கொல்லிப்பாவை நற்றிணையிலும் குறுந்தொகையிலும் வருகிறாள். மலைமேல் உள்ள அறப்பளீசுவரரை முன்னிலைப்படுத்தி அம்பலவாணக் கவிராயர் பாடிய சதகம் முழுக்க வாழ்க்கை நெறிகள். நீதிமொழிகள் ஆகமத்தோடு பக்கத்தில் வைத்துப் படிக்கத் தக்கது. இவற்றைப் படிப்பது வழிபாடு ஆகாது. பிறந்த மண்ணை அறிவது, உடன் வாழும் அயலாரை மதிப்பது என்ற இரண்டும் அதில் அடங்கும். அயலாரின் நூலை அறியாமல் அவர் நம்பிக்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நேர்மையுமில்லை.

பழக்கமாக்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். வேதாகமம் நடுவில் இருக்கட்டும். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று நான்கு படித்தால் ஓராண்டில் முடியும். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842இல் தம் சபைக்கு வகுத்த அட்டவணை, புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் ஆண்டுக்கு இருமுறை முடிக்க வைக்கிறது. அதன்பின் வேறு நூலில் நாளுக்கு 15 பக்கம் போதும். 200 பக்க நூல் இரண்டு வாரத்தில் முடியும். ஆண்டுக்கு 27 நூல்கள் ஆகும். அவை ஒரே வகையாக இருப்பதில்தான் ஆபத்து. சபை வரலாறு, தமிழ் இலக்கியம், அறிவியல், நாவல், வாழ்க்கை வரலாறு, பிற சமயத்தார் தங்கள் சமயத்தைப் பற்றித் தாங்களே எழுதியது என மாற்றி மாற்றி எடுப்பது நல்லது. புதிய நூல் ஒன்றை முடித்ததும் பழைய நூல் ஒன்றைப் படிக்கும்படி சி.எஸ். லூயிஸ் 1944இல், திருச்சபைத் தந்தை அத்தனாசியுஸின் நூல் மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் வேண்டினார். ஒவ்வொரு காலத்துக்கும் கண்ணில் படாத பிழை உண்டு, வேறு காலத்து நூல்தான் அதைக் காட்டும் என்பது அவர் காரணம்.

படித்ததையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படி தெசலோனிக்கேயருக்குப் பவுல் சொன்னதே அளவுகோல். உடன்பட்டது, உடன்படாதது, புரியாதது என ஒரு நோட்டில் குறித்துவைத்தால், படித்தது மனதில் தங்கும். புரியாததை ஆயரிடமோ ஆசிரியரிடமோ கேட்கவும் முடியும்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி புத்தகக் கடைக்கு இறங்கிப்போவது எளிதன்று. ஆனால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்கள் முதல் கம்பன் வரை இணையத்தில் இலவசமாகத் தருகிறது, கைபேசியிலேயே படிக்கலாம். ஞாயிறு பள்ளிப் பரிசாக வேதாகமம் கொடுக்கும் சபைகள், அதோடு எளிய உரையுள்ள புறநானூறு ஒன்றையும் நல்ல அறிவியல் நூல் ஒன்றையும் பிள்ளைகளின் கையில் கொடுக்கட்டும்.