திண்ணையில் ஓர் இடம்

காட்டுப்பாக்கத்தில் நம் வீட்டுத் தோட்டத்தைப் பராமரிக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. தீபாவளிக்கு வேஷ்டி கொடுக்கிறோம். அவருடைய பேரனின் பள்ளிச் சம்பளமும் கட்டியிருக்கிறோம். சென்ற வாரம் மழைக்கு ஒதுங்கிய அவர், வாசற்படியிலேயே நின்றார். திண்ணை காலியாக இருந்தது. "உட்காருங்கள்" என்ற ஒரு வார்த்தை நம் வாயில் எழவில்லை. "ஏன் அப்பா, தாத்தா நிற்கிறாரே?" என்று நம் பெண் கேட்டாள்.

பதில் சொல்ல இயலாமல் நின்ற நமக்கு, ஒரு பழைய பிரசங்கம் நினைவுக்கு வந்தது. 1910-ஆம் வருஷம் ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ நகரில், உலகக் கிறிஸ்தவ மிஷன்களின் மகாநாடு கூடிற்று. பிரதிநிதிகளில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். அவர்கள் நடுவே, திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து பேசினார். வெள்ளைப் பாதிரிமார் நம் நாட்டிற்காகச் செய்த தியாகங்களை மனமாரப் போற்றினார். ஆனால் அது போதாது, இந்தியர் வேண்டுவது தோழமை என்றார். சபையில் சிலருக்கு அது கசந்தது. எனினும் 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அவர் டோர்ணக்கல் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிகன் திருச்சபையில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே.

இதைப் படிக்கையில் நம் மார்பு விம்முகிறது. நிற வேற்றுமை பாராட்டிய துரைமாருக்கு நல்ல பாடம் என்கிறோம். நேயர்களே, சற்றுப் பொறுங்கள்! அதே திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில், 1872-இல் ஒரு கத்தோலிக்க ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, ஆனால் ஜாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்த கிளைகள் இரண்டு. சுமார் 1910-இல் பாதிரிமார் அப்பிரிவினையை அகற்றியபோது, தனியிடம் தங்கள் உரிமை என்று ஒரு சாரார் சென்னை ஹைகோர்ட்டுவரை வழக்காடினார்கள். கோர்ட்டு அதை ஒப்பவில்லை. ஆயினும் இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் ஜாதி பிரிந்தே கிடக்கிறது. வெள்ளையனிடம் நாம் கேட்ட தோழமையை, நம்மவருக்கு நாம் அளித்தோமா?

மலைப் பிரசங்கத்தில் இயேசுநாதர் இதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார். காணிக்கை செலுத்த வந்தவன், சகோதரனுக்குத் தன்மீது குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தண்டை விட்டுவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும். குறையுள்ளவன் வரட்டும் என்று காத்திருக்கலாகாது. குறைக்குக் காரணமானவனே நடக்க வேண்டும். சமாதானம் முதலில், காணிக்கை பிறகு. எந்த மதத்தவராயினும் நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். வேஷ்டியைக் கொடுத்துத் திண்ணையை மறுக்கிறோம். அதற்குத் தர்மம் என்றும் பெயரிடுகிறோம்.

மறுநாள் பெரியவரை நாமே அழைத்து உட்காரச் சொன்னோம். வெகுநேரம் தயங்கி, திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்தார். காப்பி அருந்தி எழுந்தவர், தாம் உட்கார்ந்த இடத்தைத் தோள் துண்டால் ஒரு முறை துடைத்துவிட்டுப் போனார்.

நம் பெண் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.