மாந்தோப்பு ட்ரோன் விமானப் பனியை நீக்குமா?

தர்மபுரி விவசாயிக்கு ட்ரோன் புதிதல்ல. பத்து லிட்டர் தொட்டியோடு கிளம்பினால், ஓர் ஏக்கருக்குப் பத்து நிமிடத்துக்குள் மருந்தடித்துவிடும். மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம் வரை மானியம் தரும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டம் 2023-ல் வந்தபின், பலரும் இதைப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இதே ட்ரோனால் குளிர்நாட்டு விமானங்களின் மேல் படியும் பனியையும் நீக்கலாமே என்கிறார்கள் சிலர். ஒதுக்குப்புறமான சிறு ஓடுதளங்களில் பனி நீக்கும் வண்டி வைத்திருப்பது கட்டுப்படியாகாது. ட்ரோன் மலிவு.

தேவை உண்மையானது. இறக்கையில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக உறைபனி படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம். 1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடன் என்ற சிற்றூரில், இறக்கையில் பனியோடு கிளம்பிய ஏர் ஒன்டாரியோ விமானம் விழுந்து, 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். விமானத்தின் துணை எஞ்சின் பழுது. முதன்மை எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்ப அங்கே கருவி இல்லை. எஞ்சின் ஓடும்போது பனி நீக்கவும் அனுமதியில்லை. ட்ரோன் இருந்திருந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

பயிருக்கு அடிப்பதும் இதுவும் ஒன்றல்ல. பூச்சிமருந்து நுண்துளியாக இலையில் படிந்தால் போதும். பனியைக் கரைக்கவோ, கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த நீரைச் சூடாக்கி, முனையில் 60 டிகிரிக்குக் குறையாமல் வேகமாகப் பீய்ச்ச வேண்டும். நுண்துளியாக்கினால் காற்றிலேயே ஆறிவிடும்; ட்ரோன் விசிறிக் காற்று இன்னும் ஆற்றும். ஒரு பயணிகள் ஜெட்டுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் பிடிக்கும். பத்துப் பத்து லிட்டராக நடை போனால், கடைசி நடைக்குள் முதலில் நனைத்த இடத்தில் மறுபடி பனி பிடிக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ட்ரோனின் விசிறியிலேயே பனி ஏறும். 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் லே விமான நிலையம் போன்ற இடங்களில், மெல்லிய காற்றில் சுமைதூக்கும் திறனும் குறையும்.

லாத்வியாவின் ஏரோன்ஸ் நிறுவனம், காற்றாலை இறகின் பனியை நீக்க, தரையிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டு பறக்கும் ட்ரோனைச் செய்தது. தொட்டிச் சிக்கலுக்கு இது நல்ல விடை. ஆனால் சூடேற்றும் கலனும் பம்பும் கீழே நின்றாக வேண்டும். மிச்சமாவது ஆளைத் தூக்கிப் பிடிக்கும் கிரேன் மட்டும்தான். நாலைந்து பேர் போகும் சிறு விமானத்துக்கோ ஏணியும் கைத்தெளிப்பானும் போதும். இப்போதைக்கு ட்ரோனுக்குத் தோதான வேலை, ஏணிக்கு எட்டாத வால்பகுதியில் பனி மிச்சமிருக்கிறதா என்று கேமராவில் பார்த்து விமானிக்குச் சொல்வது.