இதில் டூம் ஓடுமா?

திரையுள்ள கருவி எது சந்தைக்கு வந்தாலும் கணினி ஆர்வலர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதில் டூம் ஓடுமா?" 1993இல் வெளிவந்த அந்தச் சுடும் விளையாட்டைக் கால்குலேட்டரிலும் ஏடிஎம்மிலும் பழைய கேமராவிலும் ஓட்டிக் காட்டுவது தொழில்நுட்ப உலகின் நீண்ட நாள் வேடிக்கை. சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படி ஒரு செய்தி வருகிறது. மக்கள் சிரித்துவிட்டு நகர்கிறார்கள். ஆனால் அந்த வேடிக்கை சாத்தியமானதற்குப் பின்னால் அருமையான பொறியியல் இருக்கிறது.

டூமை உருவாக்கியது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய இட் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம். ஜான் கார்மாக் அதன் முதன்மை நிரலாளர். ஜான் ரொமேரோ களங்களையும் அவற்றை வரையும் கருவிகளையும் உருவாக்கியவர்களில் ஒருவர். 1993 டிசம்பர் 10 அன்று விளையாட்டின் முதல் பகுதி இலவசமாக விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வரில் ஏற்றப்பட்டது. காத்திருந்த கூட்டம் ஒரே நேரத்தில் மொய்த்ததில் அந்த சர்வர் திணறி நின்றது. முதல் பகுதியை ஆடிப் பார்த்தவர்கள் மீதியைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அன்றைய வீட்டுக் கணினி மிக எளியது. 386 வகைச் செயலியும் 4 எம்பி நினைவகமும் இருந்தால் டூம் ஓடியாக வேண்டும். அந்தச் செயலியில் தசம எண்களை வேகமாகக் கையாளும் தனிப் பிரிவு கிடையாது. அதனால் முழு எண்களைக் கொண்டே பின்னங்களையும் குறிக்கும் நிலைப்புள்ளி முறையில் கணக்குகள் எழுதப்பட்டன. எந்தச் சுவர் முன்னால், எது பின்னால் என்பதை ஒவ்வொரு நொடியும் புதிதாகத் தேடாமல், களத்தை முன்கூட்டியே துண்டு துண்டாகப் பிரித்து ஒரு மர அமைப்பில் அடுக்கி வைத்தார்கள். 1980இல் கணினி வரைகலை ஆய்வாளர்கள் முன்வைத்த உத்தி அது. வேகமாக ஆடவேண்டிய ஒரு விளையாட்டுக்குள் அதைக் கொண்டுவந்தது கார்மாக்கின் கூர்மை. இன்னொரு சுருக்கு வழியும் உண்டு. டூமின் களம் உண்மையில் தட்டையான வரைபடம். தரைக்கும் கூரைக்கும் உயரம் மட்டும் தரப்பட்டிருக்கும். ஓர் அறைக்கு மேல் இன்னொரு அறை வராது. ஆடுபவர் தலையை உயர்த்தியோ தாழ்த்தியோ பார்க்க முடியாது. இந்தக் கட்டுப்பாடுகளால் சுவரை மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாக மிக மலிவான கணக்கில் வரைந்துவிட முடிந்தது. 320க்கு 200 பிக்சல், 256 நிறம்: அவ்வளவுதான் அந்தத் திரை.

வேகத்தைவிட முக்கியமான காரணம் வேறு. குழுவினர் டூமை எழுதியது ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனக் கணினிகளில். அது விற்கப்பட்டதோ டாஸ் கணினிகளுக்காக. இரண்டு வேறு இயந்திரங்களில் ஓடவேண்டியிருந்ததால், திரை, ஒலி, விசைப்பலகை போன்றவற்றோடு பேசும் பகுதி தனிக் கோப்புகளில் ஒதுக்கப்பட்டது. மற்றவை ஏறக்குறைய முழுவதும் சி மொழியில், எந்த இயந்திரத்தையும் சாராமல் எழுதப்பட்டன. படங்களும் களங்களும் ஒலிகளும் நிரலுக்கு வெளியே தனிக் கோப்பில் இருந்தன. புதிய கருவிக்கு டூமைக் கொண்டுபோக விரும்புபவர் அந்தச் சிறு பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் போதும். இன்றைய எளிமைப்படுத்தப்பட்ட பதிப்புகளில் அந்த வேலை இன்னும் சுருங்கிவிட்டது: திரையில் ஒரு படத்தை வரை, நேரம் என்ன சொல், எந்த விசை அழுந்தியது சொல் என்பது போன்ற சில கட்டளைகளே வேண்டும்.

இந்தக் கட்டமைப்பு உலகுக்குத் தெரியவந்தது 1997 டிசம்பரில். அப்போது இட் சாஃப்ட்வேர் டூமின் மூல நிரலை வெளியிட்டது; 1999இல் அதைக் கட்டற்ற உரிமத்தின்கீழ் கொண்டுவந்தது. நன்றாக விற்ற ஒரு விளையாட்டின் உள்ளுறுப்புகளை எல்லோரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று விட்ட பெருந்தன்மை இல்லாவிட்டால் இன்றைய வேடிக்கைகளில் பெரும்பாலானவை பிறந்திருக்காது. படங்களும் களங்களும் இன்றும் உரிமையாளருக்கே சொந்தம். அதனால் முதல் பகுதியின் இலவசக் கோப்பையோ, ஆர்வலர்கள் புதிதாக வரைந்த ஃப்ரீடூம் தொகுப்பையோ பலர் பயன்படுத்துகிறார்கள்.

செய்திகளில் வந்த சாதனைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. 2014இல் மைக்கேல் ஜோர்டன் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்பு ஆய்வாளர் கேனன் பிரின்டரின் சிறு திரையில் டூமை ஓட்டினார். நிறங்கள் சரியாக வரவில்லை. அவர் சொல்லவந்த செய்தியோ தெளிவாக வந்தது. கடவுச்சொல் கேட்காத இணையப் பக்கம் வழியாக, பிரின்டரின் உள் மென்பொருளை அந்நியர் ஒருவர் மாற்றிவிட முடியும் என்பதே அது. பாதுகாப்புக் குறைபாட்டை அறிக்கையாக எழுதியிருந்தால் சிலர் படித்திருப்பார்கள். டூம் ஓடியதால் உலகமே பார்த்தது. 2022இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில், சிக் கோட்ஸ் என்ற புனைபெயர் கொண்ட ஆய்வாளர் ஜான் டியர் டிராக்டரின் திரையில் சோளக்காட்டுப் பின்னணியோடு டூமை ஓட்டினார். தங்கள் டிராக்டரைத் தாங்களே பழுதுபார்க்க அமெரிக்க விவசாயிகள் உரிமை கோரிப் போராடிய காலம் அது. இந்த இரண்டும்தான் இந்த வகையில் மிகப் பயனுள்ளவை.

2020இல் பரவிய கர்ப்பப் பரிசோதனைக் கருவிச் செய்தியைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். அதில் கருவியின் மேலுறை மட்டுமே பழையது. உள்ளே இருந்த சில்லும் திரையும் மாற்றப்பட்டிருந்தன. செய்தவர் அதை மறைக்கவில்லை, தலைப்புகள்தான் விட்டுவிட்டன. எம்ஐடி மாணவி லாரன் ராம்லன் ஈ.கோலை பாக்டீரியாக்களை ஒளிரவைத்து டூமைக் காட்டுவது பற்றிச் செய்த ஆய்வும் அப்படியே. பாக்டீரியா கணக்குப் போடவில்லை. 32க்கு 48 என்ற அளவில் பிக்சல்களாக நின்றது மட்டும்தான், அதுவும் கணினி உருவகத்தில். ஒரு காட்சி ஒளிர 70 நிமிடம், அணைந்து பழைய நிலைக்குத் திரும்ப எட்டு மணி நேரத்துக்கு மேல். விளையாட்டு முழுவதையும் காட்டி முடிக்க ஏறக்குறைய 600 ஆண்டுகள் ஆகும் என்று அவரே கணக்கிட்டார்.

இதற்கு நேர் எதிர், ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆப்ஸ்-சாட். புதிய மென்பொருள்களைச் சோதிப்பதற்கென்றே 2019இல் ஏவப்பட்ட இந்தச் சிறு செயற்கைக்கோளில் டூம் உண்மையாகவே ஓடியது. காட்ட அங்கே திரை இல்லை. கணக்கு முழுவதையும் செயற்கைக்கோளின் கணினியே செய்தது. விளையாட்டின் வானத்துக்கு, அதன் கேமரா எடுத்த பூமியின் படம் பொருத்தப்பட்டது. 2024 மே மாதம் ஆப்ஸ்-சாட் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்தது.