பயங்கரவாதமும் செய்தி வழங்கும் முறையும்

'தீவிரவாதம்', 'பயங்கரவாதம்' என்னும் இரு சொற்களையும் நம் செய்தித்தாள்கள் பெரும்பாலும் வேறுபாடின்றி ஆளுகின்றன. எனினும் அவை ஒருபொருட் கிளவிகள் அல்ல. முன்னது கொள்கையின் கடுமையைச் சுட்டும். பின்னதில் அமைந்த 'பயங்கரம்' என்னும் வடசொல் அச்சத்தை விளைப்பது எனப் பொருள்படும். அஞ்சுவோர் நிகழ்விடத்தில் இருத்தல் வேண்டுவதில்லை. தொலைவிலிருந்து கேட்போரும் காண்போரும் அஞ்சுதல் வேண்டும் என்பதே அச்செயல் புரிவோர் கருத்து. எனவே அதனை அறிவிக்கும் முறையும் அதன் விளைவில் ஒரு கூறாகின்றது. மும்பையில் 2008-ஆம் ஆண்டு நிகழ்ந்த தாக்குதலைக் கொண்டு இதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நவம்பர் 26 இரவு தொடங்கி 29 காலை வரை நீடித்த அத்தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். ஓரிடத்தில் மிகப் பலர் மாண்டது சத்திரபதி சிவாஜி புகைவண்டி நிலையத்திலேயாகும். அங்கு இறந்தோர் 50-க்கும் மேற்பட்டோர். ஆயினும் அங்குத் துப்பாக்கிச் சூடு முதல் நாள் இரவே ஓய்ந்தது. தாஜ், ஓபராய் விடுதிகளிலும் நரிமன் இல்லத்திலும் முற்றுகை நீண்டமையால் ஒளிப்பதிவுக் கருவிகள் அவ்விடங்களிலேயே நிலைகொண்டன. புகை சூழ்ந்த தாஜ் விடுதியின் குவிமாடமே நாட்டு மக்கள் நெஞ்சிற் பதிந்தது. ஊர் செல்லக் காத்திருந்த எளிய பயணியரின் இறப்பு பின்தள்ளப்பட்டது. முற்றுகையின் நீட்சியே இதற்குக் காரணம் என்பாருளர். அஃது ஓரளவே பொருந்தும். செல்வர் பயிலும் இடம் என்பதும் ஒரு காரணம் என்றே கருதுகின்றோம்.

நேரலையால் விளைந்த கேடு இதனினும் பெரிது. பாதுகாப்புப் படையினரின் அசைவுகள் உடனுக்குடன் காட்டப்பட்டன. எல்லைக்கு அப்பாலிருந்து தாக்குவோரை இயக்கியவர்கள் அக்காட்சிகளைக் கண்டு தொலைபேசி வழியே அவர்க்கு நெறி காட்டியமை, பதிவான உரையாடல்களால் தெளிவாயிற்று. அஜ்மல் கசாப் வழக்கில் 2012 ஆகஸ்டு 29 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இதனைக் கடிந்துரைத்தது. அந்நேரலை நாட்டு நலனுக்கோ சமுதாய நலனுக்கோ உதவவில்லை என்றும், தொலைக்காட்சி நிலையங்களின் வணிக நலனுக்கே பயன்பட்டது என்றும் கூறிற்று. பின்னர் 2015-இல் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டன. அதன்படி, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியுமளவும் நேரலை கூடாது. அரசு குறித்த அலுவலர் அவ்வப்போது தரும் விளக்கமே ஒளிபரப்பத் தகும்.

இவ்விதி படையினர் உயிரையும் பிணையாளர் உயிரையும் காக்க வல்லது என்பதில் ஐயமில்லை. ஆயின் முன்னர்க் கூறிய குறை இதனால் நீங்காது; எவர் இறப்பை எத்துணை நேரம் காட்டுவது என்பது செய்தி ஆசிரியர் விருப்பிற்கே விடப்பட்டுள்ளது. மேலும், அலுவலர் கூற்று ஒன்றே செய்தியாகுங்கால், அதன்கண் பிழை நேரின் அதனை அப்பொழுதே எடுத்துக்காட்ட வல்லார் யாவர் என்னும் வினாவும் எழுகின்றது. விதி இதற்கு விடை கூறவில்லை.